‘பரவால்ல’ வழக்கு

தியேட்டர் வாசலில் ஜெகபர் சாதிக்கின் இடது காலை ஒருவர் மிதித்துவிட்டார். மிதித்தவர் "சாரிண்ணே" என்றார். சாதிக் "பரவால்ல" என்றார். அவருடைய முப்பது நாள் லீவு நாசமாய்ப் போனதற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது. நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

மிதித்தவர் பெயர் வளவன். படம் பார்த்து வெளியே வருகிறவர்களை மறித்து, "படம் எப்படி?" என்று கேட்டு, அதை நெட்டில் போடுவது அவர் தொழில். மிதித்த நேரத்தில் அவர் கையிலிருந்த மைக் சாதிக்கின் வாய்க்கு நேராக இருந்தது. கெட்ட நேரம், அது ஆன் ஆகியும் இருந்தது. அன்று மாலையே பாலக்கரை முழுக்கச் சாதிக்கின் முகம் போன் போனாகச் சுற்றியது. கீழே பெரிய எழுத்தில், "ஒரே வார்த்தையில் படத்தை முடித்த ஷார்ஜா அண்ணன்!"

அந்தப் படத்தைச் சாதிக் பார்க்கவேயில்லை என்பது தனிக்கதை.

சாதிக் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். கடைசியாக ஊரிலிருந்து போனபோது மனைவி சுராயாவுக்கு நாலு மாதம். பிறந்த பெண் ஸஹ்ராவுக்கு இப்போது இரண்டு வயது. அவளுக்கு அத்தா என்றால் செல்போன்தான். போனை மடியில் போட்டுத் தாலாட்டுவாள், போனுக்கு இட்லி ஊட்டுவாள். லீவில் வந்து வாசலில் நின்ற ஆறடி ஆளைப் பார்த்ததும் வீல் என்று அலறி, போனைக் கட்டிக்கொண்டு, "அத்தா, அத்தா" என்று அதனிடமே முறையிட்டாள்.

"நாலு நாள் சபூர் பண்ணுங்க. தானா வந்துருவா" என்றாள் சுராயா.

நாலாம் நாள்தான் சினிமாவுக்குப் போனார்கள். அதில் சண்டை உண்டு, பேய் உண்டு, பறக்கிற குதிரையும் உண்டு. பேய் முதல் தடவை கத்தியபோது ஸஹ்ரா பயந்துபோய் இருட்டில் கைக்கு எட்டிய சட்டையைப் பிடித்து ஏறினாள். அது சாதிக்கின் சட்டை. ஏறியவள் அப்படியே அவர் மடியில் தூங்கிவிட்டாள். அதன்பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் சாதிக் அசையவில்லை. திரையில் எத்தனை பேர் செத்தார்கள், குதிரை எங்கே பறந்தது என்று அவருக்குத் தெரியாது. திரையின் வெளிச்சம் மாறி மாறி விழுகிற மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் வாய்த்ததில்லை.

மறுநாள் காலை ஸஹ்ரா பாதி கடித்த பிஸ்கட்டைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். அவர் கை நீட்டுவதற்குள் போன் அடித்தது.

"திரைக்கருத்து ஒழுங்காற்று வாரியம், திருச்சி மண்டலத்துலேருந்து பேசுறோம். உங்க கருத்து ஒண்ணு நிலுவையில இருக்கு. உடனே வாங்க."

இப்படி ஒரு வாரியம் எதற்கு என்று கேட்பீர்கள். படம் பார்த்தவன் ஆளுக்கு ஒன்று சொல்கிறான், அதில் அடிதடி வருகிறது, ஆகவே ஜனங்களின் கருத்தை ஒழுங்காகப் பதிவு செய்ய ஓர் அமைப்பு வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசனை சொன்னான். கே.கே. நகரில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பியது. படத்தில் வரும் சண்டை, பேய், மாயம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிரிவு. தியேட்டரிலிருந்து நூறடிக்குள் வாயைத் திறந்து சொல்லும் எந்தச் சொல்லும் வாரியத்தின் சொத்து. வாசலில், "உங்கள் கருத்து, எங்கள் பொறுப்பு" என்று எழுதியிருக்கிறது.

மண்டல அதிகாரி மாதவன் சண்டைப் பிரிவையும் கூடுதலாகக் கவனித்துக்கொள்கிறவர். மெலிந்த உடம்பு, கனத்த கண்ணாடி.

"சார், நான் கருத்தே சொல்லல. ஒருத்தர் காலை மிதிச்சாரு. அதுக்குப் பரவால்லன்னேன்" என்றார் சாதிக்.

"எந்தக் கால்?"

"இடது கால் சார்."

மாதவன் எழுதிக்கொண்டார். "காலை மிதிச்சா ஜனங்க 'கண்ணு தெரியலையா'ன்னுதாங்க கேப்பாங்க. 'பரவால்ல'ன்னா அது படத்தைத்தான். பதினோரு வருஷ சர்வீஸ்ல சொல்றேன்."

"சரி சார், படத்தையே சொன்னதா வச்சுக்குங்க."

"அங்கதான் சிக்கல். எங்க படிவத்துல ரெண்டே கட்டம். ஒண்ணு 'நல்லாருக்கு', இன்னொண்ணு 'மொக்கை'. உங்க பரவால்லைய நான் எங்க போடுறது?"

"நல்லாருக்குலயே போடுங்க சார்."

மாதவன் கண்ணாடியைக் கழற்றினார். "அது பல்டி. சொன்ன கருத்தை மாத்துறதுக்குச் சென்னையில பல்டிப் பிரிவு தனியா இருக்கு. விண்ணப்பிச்சா ஆறு மாசம்."

சாதிக்குக்கு ஆறு மாதம் ஏது? முப்பதாம் நாள் காலை விமானம். அன்று போய்ச் சேராவிட்டால் விசா காலி, வேலை காலி. அதைச் சொன்னார். மாதவன் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"கருத்து நிலுவையில இருக்குறவரை நாங்க ஃப்ளைட் ஏற விடுறதில்லைங்க. நீங்க போனா கருத்தும் உங்களோட போயிரும். அப்புறம் அது வெளிநாட்டு விமர்சனம் ஆயிரும்."

பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். "ஜனங்க ஆயிரம் சொல்வாங்க சார். அதையெல்லாம் காதுல வாங்கிட்டிருந்தா ஜனங்களோட கருத்தை எப்படிப் பதிவு பண்றது? என்னையே எடுத்துக்குங்க. இந்தச் சீட்டுக்கு வந்ததுலேருந்து நான் ஒரு படம் பாத்ததில்ல. பாத்தா எனக்கும் ஒரு கருத்து வந்துரும். அப்புறம் நடுநிலை என்னாகுறது?"

சண்டைப் பிரிவுக் கேள்வித்தாளில் முதல் கேள்வி, கதாநாயகன் மொத்தம் எத்தனை பேரை அடித்தார். சாதிக் மகளின் முகத்தில் அடித்த வெளிச்சத்தை வைத்து உத்தேசமாக நாற்பது என்றார். விடைத்தாளில் நூற்றுப் பதினேழு என்று இருந்தது. எழுபத்தேழு பேர் எங்கே போனார்கள் என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். விளக்கம் எழுத நாலு நாள் போயிற்று.

காத்திருக்கும் கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் ஜீயபுரத்து விவசாயி பிச்சைமுத்து. அவர் வந்து மூன்று வாரம் ஆகிறது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று சாதிக் கேட்டார்.

"குதிரை பறக்குது, சரி. அது சாணி போட்டா எவன் தலையில விழும்னு கேட்டேங்க. கேள்வியா கருத்தான்னு இன்னும் முடிவு பண்ணலையாம். அங்க வாழைத் தாரெல்லாம் மரத்துலயே பழுத்து வவ்வாலு தின்னுக்கிட்டிருக்கு."

எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், பேயைவிடப் பேய்க்குக் குரல் கொடுத்த பெண்ணுக்குத்தான் பயந்தேன் என்று சொன்னவர். இன்னொருவர் நூறு பேரை அடித்தும் கசங்காத சட்டையைப் பார்த்து, அந்தச் சட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டவர். எல்லாரும் நல்ல மனுஷர்கள். காசு கொடுத்துப் படம் பார்த்தோமே, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று நினைத்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

சாதிக் காலை ஒன்பதுக்குப் போனால் ஏழு மணிக்குத் திரும்புவார். கே.கே. நகருக்குப் பக்கத்தில்தான் ஏர்போர்ட். தலைக்கு மேல் ஒவ்வொரு விமானம் போகும்போதும் கழிந்த நாட்களை விரல்விட்டு எண்ணுவார். பிஸ்கட் நீட்டிய ஸஹ்ரா நாலு நாளில் அவரை மறந்தாள். கதவிடுக்கில் நின்று பார்த்தாள், கூப்பிட்டால் ஓடினாள்.

பதிமூன்றாம் நாள் அவருடைய ஃபைலை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார்கள். பேய்ப் பிரிவு அங்கே, சித்திரை வீதியில் ஒரு மாடியில் இருக்கிறது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போனார். பிரிவு அதிகாரி அழகியமணவாளன் நெற்றி நிறையத் திருமண்ணோடு, பட்டப்பகலில் நாலு டியூப்லைட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ, உக்காருங்கோ. பேய் பரவாயில்லேன்னேளாமே! பரவாயில்லேன்னா பேய்க்கு என்ன மரியாதை இருக்கு? சரி, பயந்தேளா?"

"பயந்தேங்க."

"எப்போ?"

"பிள்ளை தூங்குனதுலேருந்து கடைசி வரைக்கும் பயந்துக்கிட்டேதான் இருந்தேன். முழிச்சா மடியவிட்டு இறங்கிருவாளேன்னு."

அழகியமணவாளன் "முழுநீள பயம்" என்று எழுதி அடிக்கோடு போட்டார். "அப்போ பேய் நன்னாருக்குன்னு ஆறது."

"பேயை நான் பாக்கவே இல்லைங்க. பிள்ளை முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அதிகாரி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அடியேனும் அப்படித்தான் ஸ்வாமி! சின்ன வயசுலேருந்தே பேய்னா நடுக்கம். அந்தப் பயத்தைப் பாத்துதான் இந்தப் பிரிவுல போட்டா. பாத்துட்டு யார் வேணா பயப்படலாம். பாக்காமலே பயப்படறவாதான் உண்மையான ரசிகா." பாராட்டிவிட்டு உட்கார்ந்தவர், ஃபைலில் சிவப்பு மையால் இன்னொரு வரியும் எழுதினார். ‘படத்தைப் பார்க்காமலே கருத்து சொன்னதாக ஒப்புக்கொண்டார்.’

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். அதுவரை அது வெறும் நிலுவை. அன்றிலிருந்து அது குற்றம்.

அன்று வீடு திரும்பியபோது ஸஹ்ரா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து அழவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "ம்மா, ஆபீஸ் மாமா வந்தாச்சு" என்றாள்.

சுராயா அடுப்படியில் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள். "மாமா இல்லடி, அத்தா. அத்தா சொல்லு."

ஸஹ்ரா போனைத் தூக்கிக் காட்டினாள்.

சாதிக் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஷார்ஜாவுலயே இருந்திருக்கலாம் சுராயா. அங்கேருந்தாவது தினம் பத்து நிமிசம் அத்தாவா இருந்தேன்" என்றார். சுராயாவுக்கு வாரியத்தின் மேல் வந்த ஆத்திரத்தில், பாலக்கரையில் அதுவரை யாரும் கேட்டிராத இரண்டு வசவுகள் பிறந்தன.

பதினெட்டாம் நாள் மாயப் பிரிவு. கே.கே. நகர் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பதினெட்டு மேசைகள் போட்டிருந்தன. ஒரு மேசையில் மட்டும் டோரதி மேடம் இருந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்களா என்று சாதிக் கேட்டார்.

"இல்லைங்க, இந்தப் பிரிவுக்குப் பதினெட்டு பேரு. நான் வேலை பாக்குறேன். மீதி பதினேழு பேரும் மாயம். மாசாமாசம் அவங்களுக்கும் சேத்து நான்தான் வருகைப் பதிவுல கையெழுத்துப் போடுறேன்." அதில் தவறொன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. நல்ல பெண்மணி. சாதிக்குக்கு டீ கூட வரவழைத்துக் கொடுத்தார். "குதிரை பறந்தப்ப நம்பினீங்களா?"

"மேடம், குதிரை பறந்தது எனக்குத் தெரியாது. நீங்க சொன்னா நம்புறேன். எனக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. ஒரு வழி சொல்லுங்க. உங்க கால்ல வேணாலும் விழுறேன்."

டோரதி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வழி இருந்தது. படத்தைப் பார்க்காமல் கருத்து சொன்னவர், அதே நிலைமையில் படத்தை மறுபடி பார்த்தால் குற்றம் நீங்கும். அதே நிலைமை என்றால் மடியில் குழந்தை. வாரியத்துக்குள் குழந்தையைக் கொண்டுவர அனுமதி கிடைக்கப் பத்து நாள் ஆகுமாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று டோரதியே ஒரு மாற்று ஏற்பாடு செய்தார்.

"பிள்ளை எத்தனை கிலோ இருப்பா?"

"பதினொண்ணு மேடம்."

பதினோரு கிலோ பொன்னி அரிசியை மூட்டையாகக் கட்டிச் சாதிக்கின் மடியில் வைத்தார்கள். மின்விசிறி ஓடாத ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில், அரிசி மூட்டையோடு அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். கதாநாயகன் அடித்தான், பேய் கத்தியது, குதிரை பறந்தது. பேய் கத்தும்போதெல்லாம் சாதிக்கின் கை தானாக எழுந்து மூட்டையைத் தட்டிக்கொடுத்தது. டோரதி அதைக் குறித்துக்கொண்டார். நாலு நாள் கழித்து மாதவன் தீர்ப்பு எழுதினார். ‘மூட்டை தூங்கியதற்கு ஆதாரம் இல்லை. சோதனை செல்லாது.’

குழந்தைக்கு அனுமதி இருபத்தொன்பதாம் நாள்தான் வந்தது. மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கு விமானம். சுராயா ஸஹ்ராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஹாலின் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மூன்று பிரிவு அதிகாரிகளும் ஆஜர். மாதவன் கையில் டார்ச். டோரதி கையில் நோட்டு. அழகியமணவாளன் கடைசி வரிசையில், பேய் வரப்போகிறது என்று இப்போதே கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

மாதவன் நிபந்தனையைப் படித்தார். "போன தடவை உங்க தப்பு என்ன? பிள்ளைய பாத்தீங்க. இந்தத் தடவை பார்வை திரையில இருக்கணும். டார்ச்சை உங்க கண்ணுமேல வச்சிருப்பேன். ஒரு தடவை குனிஞ்சு பிள்ளையப் பாத்தீங்கன்னா சோதனை ரத்து. அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான்."

"படத்தைப் பாத்தா போதுமா சார்?"

"பாத்தா போதும். புடிக்கணும்னு வாரியம் வற்புறுத்தாது."

விளக்கை அணைத்தார்கள். ஸஹ்ரா சுராயாவின் இடுப்பில் இருந்தாள். சாதிக்கின் பக்கம் வர மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மடியில் பிள்ளை இல்லாமல் அதே நிலைமை ஏது? கால் மணி நேரம் போயிற்று. சாதிக் திரையைப் பார்த்தபடி ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினார்.

பேய் கத்தியது. ஸஹ்ரா வீறிட்டு, இருட்டில் தாவி, கைக்கு எட்டிய சட்டையைப் பிடித்து ஏறினாள். பதினோரு கிலோ வந்து மடியில் இறங்கியது. இந்த எடை மூச்சு விட்டது. தலை அவர் நெஞ்சில் முட்டி ஓர் இடம் தேடிக்கொண்டது. சாதிக் குனியவில்லை. டார்ச் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. திரையில் நூற்றுப் பதினேழு பேர் வரிசையாக அடிவாங்க வந்தார்கள். அவர் ஒருவர் விடாமல் எண்ணினார்.

ஒரு மணி நேரம் இப்படிப் போயிற்று. குழந்தை தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. குதிரை மேகத்துக்கு மேலே பறந்து, அம்பு பட்டு விழத் தொடங்கிய சமயம், ஒரு சின்னக் கை அவர் தாடியைத் தொட்டது. தாடியைத் தடவியது. மூக்கைத் தொட்டது. போனில் தினமும் பார்த்த முகத்தைக் கையால் தடவிச் சரிபார்ப்பதுபோல் இருந்தது.

"அத்தா" என்றாள் ஸஹ்ரா. அவரிடம்தான் சொன்னாள்.

சாதிக்கின் கழுத்து நரம்பெல்லாம் குனியச் சொன்னது. குனிந்தால் விமானம் இல்லை, விசா இல்லை, மூன்று பேருக்கும் சோறு இல்லை. ஒரு நொடி பார்த்தால் என்ன என்று மனம் கெஞ்சியது. கெஞ்சுகிற மனத்தை என்ன செய்வது? குதிரையைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"அத்தா" என்று அவள் மறுபடி கூப்பிட்டாள். "அத்தா, இங்க பாரு."

அவர் பார்க்கவில்லை. குதிரை விழுந்தது. சாதிக்கின் கண்களிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக இறங்கித் தாடிக்குள் போயிற்று. டார்ச் வெளிச்சத்தில் அது நன்றாகத் தெரிந்தது. மாதவன் டோரதிக்குச் சைகை காட்டினார். டோரதி நோட்டில் எழுதினார். ‘மணி 12.20. குதிரை விழும் காட்சி. பார்வையாளர் கண்ணீர் விட்டார்.’

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் மாதவன் ஓடிவந்து சாதிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"குதிரைக்கு அழுதுட்டீங்களே சார்! இதைவிடத் தெளிவான கருத்து எதுங்க? 'நல்லாருக்கு'ல போட்டாச்சு, ஃபைலை மூடியாச்சு. இதை முதல் நாளே செஞ்சிருந்தா உங்களுக்கும் அலைச்சல் இல்ல, எங்களுக்கும் வேலை மிச்சம்." சான்றிதழில் சட்டென்று முத்திரை விழுந்தது. பின்வரிசையில் அழகியமணவாளன் கண்ணைத் திறந்து, பேய் போய்விட்டதா என்று விசாரித்தார்.

சாதிக் இன்னும் அணைந்துபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

"சார், இப்ப பிள்ளையப் பாக்கலாமா?"

"தாராளமா பாருங்க. வாரியத்துக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் மாதவன். பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் குரலைத் தாழ்த்தினார். "எப்படி இருக்குன்னு மட்டும் வெளிய வச்சுச் சொல்லிராதீங்க."

சாதிக் குனிந்தார். இரண்டு தடவை கூப்பிட்டும் பார்க்காத ஆளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஸஹ்ரா தூங்கிப்போயிருந்தாள்.